ஓரடி தள்ளி நிற்றல்

வயதான ஒருவர் கதிரையை விட்டு எழும்பப் பார்க்கும் கணத்தில் வீட்டிலுள்ள எல்லாக் கைகளும் அவரை நோக்கி நீளுகின்றன. "இருங்கோ அம்மா, என்ன வேணும், நான் எடுத்துத் தாறன்." சொல்பவரின் குரலில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அம்மாவும் திரும்ப இருந்துவிடுகிறார். தண்ணீர்ச் செம்பு கைக்கு வருகிறது. அன்றைக்கு அவருடைய தொடைத் தசைகள் செய்திருக்கக்கூடிய ஒரு வேலை அவரிடமிருந்து போய்விடுகிறது. இவ்வளவு சிறிய காரியம் ஏன் என்னை இவ்வளவு காலமாக உறுத்துகிறது என்று யோசித்தால், அதே அம்மாவை ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கிழமை தவறாமல் கூட்டிக்கொண்டு போவதும் இந்தக் கைகள்தான் என்பது நினைவுக்கு வருகிறது. இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும், முழங்கால் நோவென்றும், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்ததென்றும், இடுப்பெலும்பு முறிந்து ஒட்டிய பிறகென்றும் வெளிநோயாளராக வந்துபோகிற முதியவர்கள் உண்டு. அவர்களுக்குப் பழக்கும் பயிற்சிகளில் ஒன்று, கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, திரும்ப மெல்ல இருப்பது. "வீட்டிலயும் செய்யுங்கோ" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தாக இருந்த அசைவு வீட்டுப் படலையைத் தாண்டியதும் குற்றமாகிவிடுகிறது.

வீட்டுக்காரரைக் குறை சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் அவர்களுடைய பயத்துக்குக் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார். இயன்மருத்துவத்துக்கு வருகிறவர்கள் இந்தச் சராசரிக்குள் அடங்குகிறவர்களும் அல்லர். கால் தளர்ந்தோ, சமநிலை கெட்டோ, ஏற்கெனவே ஒரு தடவை விழுந்தோதான் அங்கே வந்திருக்கிறார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. சிகிச்சை முதலில் திருப்பிக் கொடுப்பது அசைவை; உறுதி அதற்குப் பின்னால்தான், சில வேளை வெகு பின்னால்தான், வந்து சேர்கிறது. கட்டிலிலேயே கிடப்பவருக்கு விழ வாய்ப்புக் குறைவு. நன்றாக நடப்பவருக்கும் குறைவு. நடக்க ஆசை வந்து நடை இன்னும் கைகூடாத அந்த இடைக்காலத்தில்தான் ஆள் விழுகிறார். 1997 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், கை எலும்பு முறிந்து தேறிய பெண்களில் ஒரு பகுதியினரை வேகமாக நடந்து பழகச் சொன்னார்கள். மற்றவர்களுக்குக் கைப்பயிற்சி மட்டும். நடந்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். ஆக, "இருங்கோ அம்மா" என்பதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அது வெறும் அறியாமையாக இருந்திருந்தால் எனக்கு இந்த உறுத்தலே இருந்திருக்காது.

விழும் ஆபத்தை அளப்பதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கைபிடியுள்ள கதிரையில் இருப்பவர் எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருக்க வேண்டும். கையில் ஒரு மணிக்கூடு போதும். 1991 இல் கனடாவிலிருந்து இரண்டு பேர் இதை இன்றைய வடிவில் எழுதி வெளியிட்டார்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டியவர் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையத்தின் வழிகாட்டி. அழகான சோதனை, அதன் எளிமையில் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அந்த 3 மீற்றர் ரைல்ஸ் பதித்த, மின்குமிழ் எரிகிற, மேடுபள்ளம் இல்லாத 3 மீற்றர். ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ அந்த முதியவர் திரும்பிப் போகிற வீட்டில் கட்டிலுக்கும் கக்கூசுக்கும் இடையில் இருப்பது வேறு தூரம். போர் முடிந்து நடந்த மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கிடைத்து, சொந்தக்காரர்களே நின்று கட்டிய வீடுகள் வன்னியெங்கும் இருக்கின்றன. வெள்ளத்துக்குப் பயந்து அத்திவாரத்தை உயர்த்தினார்கள், சரியான முடிவு. கூரை வரைக்கும் வந்த காசு படிக்கட்டுக்கு வரும்போது தீர்ந்துபோன வீடுகளும் உண்டு. அங்கே வாசலில் இரண்டு சீமெந்துக் கல்லை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஒன்று எப்போதும் ஆடும். கக்கூசு வளவின் பின்பக்கம், குந்தியிருக்கும் வகை, பிடித்து எழும்பச் சுவரைத் தவிர எதுவும் இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் காலுக்குக் கீழே புழுதி இளகிக் கிடக்கும். மாரியில் அதே இடம் களியாகி, பாட்டாச் செருப்பைக் காலோடு சேர்த்து இழுக்கும். இந்தத் தரையில் எந்தச் சோதனையும் நடப்பதில்லை. கொப்பியில் எழுதப்படும் விநாடி ஆஸ்பத்திரியில் நின்ற உடம்பினுடையது.

கிளினிக் நாளையும் நான் யோசிப்பதுண்டு. வெளிநோயாளர் என்ற ஏற்பாட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்து அந்த ஒரு நாளில் கூடிவருகிறது. அன்றைக்கே சீனிவருத்த கிளினிக்கும் இருந்தால் இரத்தம் எடுக்க வெறுவயிற்றோடு போக வேண்டும். இருட்டோடு எழும்பிக் குளித்து, பிரஷர்க் குளிசையைப் போட்டுவிட்டு, சந்தி வரைக்கும் நடந்து, முதல் பஸ்ஸில் உயரமான மிதிபலகையில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும். ஏறி முடிய முன்னமே பஸ் இழுத்துவிடும். பிறகு நம்பர் எடுத்து வாங்கில் காத்திருப்பு. நெடுநேரம் இருந்துவிட்டு எழும்பி நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்தத்தின் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் மருத்துவம் அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது; வன்னியில் அதற்குத் தலைச்சுற்று என்று பெயர், அது வெயிலால் வந்ததென்று ஒரு விளக்கமும் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் பயிற்சி. பயிற்சி முடியும்போது தசை களைத்துப்போயிருக்கும், களைக்கத்தானே பயிற்சி. அந்தக் களைத்த காலோடு, மத்தியான வெயிலில், கண்டி வீதியைக் குறுக்கே கடந்து, திரும்பவும் அதே மிதிபலகை. விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளப் போகிறவர் அந்த வாரத்தில் விழுவதற்கு மிக அதிக வாய்ப்புள்ள நாளாக இந்த நாளே இருந்துவிடக்கூடும். ஓட்டோவுக்குக் காசிருந்தால் இதில் பாதி இல்லை. விழும் ஆபத்தில் எவ்வளவு முழங்காலில் இருக்கிறது, எவ்வளவு சட்டைப்பையில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல எந்த அளவுகோலாலும் முடியாது.

இன்னொரு சோதனை என்னைச் சிரிக்கவும் யோசிக்கவும் வைத்தது. சுவீடனில் முதியோர் விடுதியொன்றில் இருந்த 58 பேரோடு கூடவே நடந்துகொண்டு பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். 1997 இல் லான்செட் இதழில் வந்த இந்தச் சிறு குறிப்பு பின்னர் புகழ்பெற்றது. நடையும் பேச்சும் ஒரே நேரத்தில் மூளையிடம் கவனம் கேட்கின்றன; இரண்டுக்கும் கொடுக்க முடியாதவர் ஒன்றை நிறுத்துகிறார் என்பது விளக்கம். நம்பக்கூடிய விளக்கம்தான். ஆனால் முள்ளியவளையில் ஒரு ஒழுங்கையால் போகிற ஆச்சியை வேலிக்கு உள்ளேயிருந்து "எங்கை ஆச்சி வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் நிற்பார். நின்று, பொல்லை ஊன்றி, கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கேட்டது யாரென்று பார்த்து, எங்கே போகிறார் என்பதோடு ஏன் போகிறார் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் நகருவார். இருபது வயதில் போனபோதும் அப்படித்தான் நின்றிருப்பார். கேட்டவருக்கு நடந்துகொண்டே பதில் சொல்வது இங்கே மரியாதையில்லை. அந்த நிற்றலில் எவ்வளவு மூளையின் தளர்ச்சி, எவ்வளவு பண்பு என்று யார் பிரிப்பது? இதை வைத்து அந்த ஆய்வைத் தள்ள நான் வரவில்லை. ஒருவரின் ஆபத்தை அளக்கும்போது அவர் யாரோடு, எப்படி வாழ்ந்தவர் என்பதையும் சேர்த்தே அளந்துகொண்டிருக்கிறோம், தெரியாமலே.

தெரியாமல் இருப்பதில் பெரும்பகுதி நம்மிடமிருந்து மறைக்கப்பட்டதும்தான். கடந்த ஒரு வருடத்தில் விழுந்தீர்களா என்பது இந்தத் துறையின் முதல் கேள்வி. அடுத்த விழுகையை முன்கூட்டிச் சொல்வதில் முந்தைய விழுகைக்கு நிகரான அறிகுறிகள் அதிகமில்லை. அதற்கு ஒரு ஆச்சியின் பதில்: "இல்லை ஐயா, விழேல்லை. கிணத்தடியில வழுக்கினது, இருந்திட்டன்." தற்செயலாக நிலத்திலோ தாழ்வான இடத்திலோ போய் அமர்ந்துவிடுவதும் விழுகைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆச்சிக்கு வரையறை தெரியாததால் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் மகள் நிற்கிறாள். விழுந்தேன் என்றால் கிணத்தடி போய்விடும், கோழிக்கூடு போய்விடும், கோயில் போய்விடும் என்று ஆச்சிக்குத் தெரியும். தனியே இருப்பவரென்றால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் செய்தி போய், யாழ்ப்பாணத்து உறவுக்காரர் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ பேச்சு எழும்பும். ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு சுதந்திரம் அபராதமாகக் கட்டப்படும்போது, விழுகையை ஒளிப்பது புத்திசாலித்தனம். முழங்கை உரசலுக்குத் தேங்காயெண்ணெய் பூசி, நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள். மருத்துவர் கேட்கும் எண்ணிக்கை, உண்மையில், வீட்டில் அந்த முதியவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதன் எண்ணிக்கை.

விழும் பயத்தை அளப்பதற்கென்று 2005 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய 16 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. குளிப்பது, படியேறுவது, மேடுபள்ளமான நிலத்தில் நடப்பது எல்லாம் இருக்கின்றன. அவற்றுக்கிடையில் ஒன்று: மணி நிற்பதற்கு முன் தொலைபேசியை எடுக்கப் போவது. அதை வாசித்தபோது அந்தப் படிவம் வன்னிக்கென்றே எழுதப்பட்டதோ என்று பட்டது. கனடாவில் வேலை முடிந்து மகன் கூப்பிடும் நேரம் இங்கே விடியாத நேரம். போன் உள்ளறையில் சார்ஜில் கிடக்கும். எடுக்காவிட்டால் அங்கே அவன் பயந்துவிடுவான், எடுத்தால்தான் குரல். படுக்கையில் இருந்தவாறே ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டுவிட்டு எழும்புங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பாடம் அந்த மணியோசையில் மறந்துபோகிறது. இன்னொரு கேள்வி கோயில், குடும்ப நிகழ்வு போன்ற இடங்களுக்குப் போவது பற்றியது. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு நந்திக்கடல் ஓரத்து மணலில், இரவில், அத்தனை சனத்துக்குள் போவதற்கு நான்கு அளவுகளில் எதைச் சொல்வது? பயம் அதிகம்தான். போகாமல் இருப்பாரா என்பது படிவத்தில் இல்லாத கேள்வி. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் வருடக்கணக்காக நிலத்தில் இருந்து எழும்பிய தாய்மாரில் பலர் முதியவர்கள். பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். அவர்களுடைய முழங்கால்களுக்கு நிலத்தில் நெடுநேரம் இருப்பது கூடாது என்று எந்த இயன்மருத்துவரும் சொல்வார், சொல்வது சரியும்கூட. அந்தச் சரியை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வார்?

இங்கே ஒரு எண்ணம் வருகிறது. அதை எழுதலாமா என்று தயங்குகிறேன். போரின் இறுதிக் கட்டத்தில், 2009 இன் முதல் மாதங்களில், கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கே நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போன சனத்துக்கு, நிலத்தில் விழுவது உயிர் காக்கும் வித்தையாக இருந்தது. செல் கூவும் சத்தம் கேட்டதும் யோசிக்காமல் விழத் தெரிந்த உடம்பு தப்பியது. அந்த உடம்புக்கே இப்போது விழாமல் இருக்கப் பழக்குகிறார்கள். இந்த இணைப்பு கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முழங்காலுக்குப் போர் தெரியாது, தேய்மானம்தான் தெரியும். போர் உண்மையிலேயே வந்து நிற்கும் இடங்கள் வேறு, இன்னும் வெளிப்படையானவை. உடம்புக்குள் செல்துண்டு இருப்பவருக்கு எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் மருத்துவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. காலை இழந்து ஐம்பது வயதில் பொய்க்கால் போட்டவர் இன்று அறுபதுகளைத் தாண்டிக்கொண்டிருக்கிறார். 1960களின் கடைசியில் மருத்துவர் சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர்க் கால், வெறுங்காலுடன் நடக்கவும் குந்தியிருக்கவும் வயலில் இறங்கவும் தோதானது. வடக்கில் எத்தனையோ பேரைத் திரும்பத் தொழிலுக்கு அனுப்பியது. ஆனால் வயது போக மிச்சக் காலின் தசை வற்றிக் கிண்ணம் தளர்கிறது, நல்ல காலில் சீனிவருத்தத்தால் உணர்ச்சி குறைகிறது. வீட்டில் வாழும் கால் இழந்தவர்களிடம் கனடாவில் கேட்டபோது பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஒரு வருடத்துக்குள் விழுந்ததாகச் சொன்னார்கள். இரவில் நித்திரை கலைந்து, பொய்க்காலைக் கழற்றி வைத்ததை மறந்து, இல்லாத காலை ஊன்றி எழும்பி விழுவதும் உண்டு. போருக்குப் பிறகான கணக்குகளில் இந்த விழுகைகளைச் சேர்ப்பதற்குப் பத்தி இல்லை.

போர் வந்து நிற்கும் இன்னொரு இடம் அந்த நீண்ட கைகள். நான்கு பேரை இழந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு தாயை, ஒரு கல்லில் கால் தடக்கிப் பறிகொடுக்க யாருக்கு மனம் வரும்? "இருங்கோ அம்மா" என்பதற்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருக்கிறது. அதனால்தான் விழுகையைத் தடுப்பது பற்றி இன்று உறுதியாகத் தெரிந்த விடயம் இந்த வீடுகளுக்குக் கொடுமையாகக் கேட்கும். 2019 இல் 100 க்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, உடற்பயிற்சி முதியவர்களின் விழுகைகளை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைக்கிறது என்று தெரிந்தது. எந்த உடற்பயிற்சி என்பதுதான் விடயம். இருந்தபடி காலை ஆட்டுவது போதாது, நடை மட்டும் போதாது. கால்களை ஒடுக்கி வைத்து, பிடியைத் தளர்த்தி, பாரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றி, உடம்பு கொஞ்சம் தடுமாற வேண்டும். விழக்கூடிய விளிம்புக்குப் போய்த்தான் விழாமல் இருக்கப் பழக முடிகிறது. பிள்ளைக்கு நீச்சல் பழக்குகிற தகப்பனின் கை போல, தொட்டும் தொடாமலும், இயன்மருத்துவர் அப்போது ஓரடி தள்ளி நிற்கிறார். நோயாளி சரியும்போது மட்டும் கை போகிறது. பார்ப்பதற்குச் சும்மா நிற்பது போலிருக்கும். பிடித்துக்கொண்டிருப்பதைவிட அதிகக் கவனம் கேட்கும் வேலை அது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990களில் இதை வீட்டுக்கே கொண்டுபோனார்கள். சில தடவை வீடு தேடி வந்து, அந்த வீட்டின் தரையிலேயே பழக்கிவிட்டுப் போனார்கள். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024 இல் நெதர்லாந்து உதவியுடன் மருத்துவப் புனர்வாழ்வு நிலையம் திறந்தபோது எனக்கு வந்த ஆசை அதுதான்: அந்தக் கட்டிடத்திலிருந்து யாராவது ஒருவர் மோட்டார்சைக்கிளில் புறப்பட்டு வந்து, ஆடுகிற அந்தச் சீமெந்துக் கல்லை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

எங்கே போக விரும்புகிறீர்கள் என்ற கேள்வி, விழுந்தீர்களா என்ற கேள்விக்கு முன் வர வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. கிணத்தடி என்றால் கிணத்தடிக்கான சமநிலை, மிதிபலகை என்றால் மிதிபலகைக்கான தொடை, கோயில் மணல் என்றால் மணல். பயிற்சிக்கு ஒரு திசை கிடைக்கும். ஒளிக்கப்பட்ட விழுகைகளில் சிலவும் வெளியே வரும். முடிவெடுக்கும் உரிமை முதியவருக்கே என்று இதைச் சுருக்கிவிட்டால் கட்டுரை வசதியாக முடியும். ஆனால் அது முழு உண்மையல்ல. ஆச்சி விழுந்து இடுப்பு முறிந்தால் மாதக்கணக்கில் தூக்கி இருத்தி, கழுவி, தோட்ட வேலையை விட்டு அருகில் இருக்கப்போவது மகள். அந்த மகளுக்கும் ஐம்பது தாண்டியிருக்கும், அவளுடைய நாரியிலும் நோவு இருக்கும், அவளிடம் யாரும் படிவம் நீட்டுவதில்லை. ஆபத்தை ஏற்கிறவர் ஒருவர், அதன் செலவைச் சுமப்பவர் இன்னொருவர். ஆகவே அந்தக் கேள்வியை இருவரையும் பக்கத்தில் இருத்தி வைத்துக் கேட்க வேண்டும். இருவரும் ஒரே பதிலைச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை. கிணத்தடி வரை போகலாம், ஆனால் விடிந்த பிறகு. எழும்பலாம், நான் பக்கத்தில் நிற்பேன், பிடிக்கமாட்டேன். விழுந்தால் மறைக்கக் கூடாது, சொன்னால் நான் எதையும் பறிக்கமாட்டேன். இப்படிச் சின்னச் சின்னப் பேரங்களாகத்தான் அது தீரும், தீர்ந்தாலும் அடுத்த மாரிக்குத் திரும்பப் பேச வேண்டிவரும். இதில் கடைசி வாக்குறுதிதான் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன். அதைக் காப்பாற்ற முடியாத வீட்டில், எந்த ஆஸ்பத்திரியின் கொப்பியிலும் விழுகைகள் சரியாக எழுதப்படப்போவதில்லை.